கடைசி பஸ் எந்த ஊரில் தங்குகிறது?

பின்னேரம் நான்கரை மணிக்கு மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கல்முனைப் பக்கம் போகிறவர்களிடம் பதற்றம் இருக்காது. ஒரு பஸ் போனால் பின்னாலேயே அடுத்தது வந்து நிற்கும். சனம் கூடினால் இரண்டைப் போகவிட்டு மூன்றாவதில் யன்னலோரம் பிடிக்கலாம். செங்கலடி, வாழைச்சேனைப் பக்கம் போகிறவர்களும் ஏறத்தாழ அப்படித்தான். இவர்களுக்கு நடுவே இன்னொரு கூட்டம் நிற்கும். கையில் வெறும் தயிர்க்கூடை, கிளினிக் கொப்பி, மருந்துப் பை. ரியூசன் முடிந்து வந்த இரண்டு பெண் பிள்ளைகள். உரப்பையை மடித்துத் தோளில் போட்ட ஒரு மனிதர். இவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள், றோட்டைப் பார்ப்பார்கள், மறுபடியும் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். அப்படி நின்ற ஒரு வயதான அம்மா ஒரு நாள் என்னிடம் கேட்டார்: “கொக்கட்டிச்சோல பஸ் போயித்தா மனே?”

இன்னும் போகவில்லை என்றேன். அதன் பிறகும் அவர் உட்காரவில்லை. பக்கத்திலேயே வாங்கு காலியாக இருந்தது. அந்த பஸ்ஸைத் தவறவிட்டால் அவருடைய ஊர்ச் சந்தி வரைக்கும் போக அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. ஓட்டோ பிடித்தால், காலையில் தயிர் விற்ற காசில் பாதி அதற்கே போய்விடும். இது அவருக்கு மனப்பாடம்.

கொக்கட்டிச்சோலை இருக்கும் படுவான்கரைக்கு, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக்கு, பஸ்ஸே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஓடுகிறது. பிரதேச செயலகக் கூட்டத்தில் கேட்டால் வழித்தடத்தின் பெயரும் இருக்கும், நேரமும் இருக்கும். ஆனால் ஒரு கிராமத்துக்கு பஸ் இருக்கிறதா என்பதை நான் வேறு இரண்டு கேள்விகளால்தான் அளப்பேன். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அந்த பஸ் அன்றிரவு எங்கே தங்குகிறது? இந்த இரண்டுக்கும் வரும் விடையில்தான் ஒரு பிள்ளையின் உயர்தர வகுப்பும், ஒரு தாயின் கிளினிக் நாளும், ஒரு கூலித் தொழிலாளியின் சம்பளமும் தங்கியிருக்கின்றன. ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் இந்த நிலத்தைப் பார்க்க வேண்டும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கிழக்கே கடலோரமாக இருப்பது எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை என்று பெயரே சொல்லிவிடும். எழுவான்கரை ஒடுங்கிய மணல் நிலம். அதில் ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று என்று ஊருக்கு ஊர் முட்டிக்கொண்டு நிற்கும். இந்த ஊர்களை எல்லாம் ஒரே கயிற்றில் கோப்பது ஏ4 வீதி. பஸ் முதலாளி ஒருவர் கனவு கண்டால் இப்படியான ஒரு வீதியைத்தான் காண்பார். எங்கே நிறுத்தினாலும் இருவர் ஏறுவார்கள், ஒருவர் இறங்குவார். போகும்போதும் நிறையும், வரும்போதும் நிறையும்.

ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அம்பாறைக்கும் தண்டவாளம் கிடையாது. ஆகவே மட்டக்களப்புக்குத் தெற்கே சனம் கூட்டமாகப் பயணம் செய்ய பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. பிரதான வீதியில் இத்தனை பஸ் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படுவான்கரை வேறு மாதிரி. வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சை, கொக்கட்டிச்சோலை, தாந்தாமலை, அம்பிளாந்துறை, பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர் என்று ஊர்கள் வட்டைகளுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் இரண்டு மூன்று கிலோமீற்றர் வயல்வெளி. அதில் ஏறுவதற்கும் ஆளில்லை, இறங்குவதற்கும் ஆளில்லை. அதற்கும் அப்பால் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வழியாக வந்த குடியேற்றக் கிராமங்கள். அவற்றுக்கு இன்றைக்கும் 35 ஆம் கொலனி, 40 ஆம் கொலனி என்று இலக்கம்தான் பெயர். மாவட்டத்தின் நெல்லிலும் பாலிலும் பெரும் பங்கு இந்தக் கரையிலிருந்து வருகிறது. ஆனால் போதனா வைத்தியசாலை, கச்சேரி எனும் மாவட்ட செயலகம், பெரிய பாடசாலைகள், வங்கிகளின் பெரிய கிளைகள் எல்லாம் அந்தக் கரையில். ஒரு கையெழுத்துக்கும் வாவியைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

வாவியை எங்கே தாண்டலாம் என்பதுதான் இந்தப் பக்கத்தில் பஸ் வழித்தடங்களை வரைந்தது. நகரத்துக்கு மேற்கே வலையிறவுப் பாலம். களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் பட்டிருப்புப் பாலம். இரண்டுக்கும் நடுவே நீண்ட காலம் பாலமே இருக்கவில்லை, பாதைதான் இருந்தது. வெளியூர்க்காரருக்கு இந்தச் சொல் குழப்பமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. மண்முனையில் அப்படி ஒன்று ஓடியது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் ஒன்று, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஒன்று. பாதையில் பஸ் ஏறாது. ஆக, எழுவான்கரையில் ஒரு பஸ், நடுவில் பாதை, அக்கரையில் இன்னொரு பஸ் அல்லது நடை என்றுதான் பயணம். பாதை அக்கரையில் நிற்கும்போது இக்கரையில் நிற்பவருக்கு பஸ் தவறிப்போகும். அதற்கு யாரைக் கோபிப்பது?

2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனம் திருவிழாப் போலக் கூடியது அதனால்தான். அதற்கு முந்திய ஆண்டு, 2013 மார்ச்சில், கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டிருந்தது. அதுவரைக்கும் 1924 இல் கட்டிய ஒற்றை வழி இரும்புப் பாலத்தில், எதிரே வரும் வாகனம் இறங்கும் வரைக்கும் இந்தப் பக்கத்து பஸ் காத்து நின்றது. இந்த இரண்டு பாலங்களும் சேர்ந்து நேரத்தைச் சுருக்கின. மண்முனை வழியாக ஒரு பஸ் ஆரையம்பதியைத் தொட்டுக்கொண்டு நேரே கொக்கட்டிச்சோலைக்குப் போகலாம் என்பது அதற்கு முந்திய தலைமுறைக்குக் கதை.

பாலம் வந்தது, காப்பெற் வீதியும் வந்தது. அப்படியென்றால் பஸ்ஸும் வந்திருக்க வேண்டும் அல்லவா? முழுதாக வரவில்லை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

1958 ஜனவரி 1 ஆம் திகதி தனியார் பஸ் கொம்பனிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்து, இலங்கை போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. பழைய ஆட்கள் இன்றைக்கும் அதன் சிவப்பு பஸ்ஸை ஆங்கிலச் சுருக்கத்தில் சீ.ரீ.பீ. என்றுதான் சொல்வார்கள். அந்த ஏற்பாட்டுக்கு உள்ளே ஒரு எளிமையான நியாயம் இருந்தது: பிரதான வீதியில் உழைக்கிற காசு, உள்ளூர் வீதியில் ஏற்படும் நட்டத்தைத் தாங்கும். இரண்டும் ஒரே சபையின் பொக்கற்றில் விழுவதால் கணக்கு ஒருவாறு சமப்படும். ஒரு கிராமத்துக்குக் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று பஸ் விட்டால், அந்த பஸ் உழைக்கிறதா என்பதை மட்டும் யாரும் பார்க்கத் தேவையில்லை. சபைக்குள் ஊழலும் அரசியல் நியமனமும் பழுதடைந்த வண்டிகளும் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் தூரக் கிராமங்கள் பலவற்றுக்கு முதன்முதலாக ஒரு நேரசூசியோடு வாகனம் போனது அந்தக் காலத்தில்தான்.

எழுபதுகளின் கடைசியில் தனியார் பஸ்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது. அவை எங்கே ஓட விரும்பும்? ஏ4 வீதியில்தான். அதில் தவறில்லை, கடன் வாங்கி பஸ் வாங்கியவர் உழைக்கிற இடத்தில்தான் ஓட்டுவார். ஆனால் அன்றிலிருந்து பிரதான வீதியின் வருமானம் இரண்டாகப் பிரிந்தது, உள்ளூர் வீதியின் நட்டம் மட்டும் பிரியாமல் சபையின் தலையிலேயே கிடந்தது. சபையைப் பிராந்தியங்களாகப் பிரித்தார்கள், தொண்ணூறுகளில் சாலைகளை, அதாவது பஸ் டிப்போக்களை, தனித்தனிக் கொம்பனிகளாக்கினார்கள், அப்புறம் அவற்றைச் சேர்த்தார்கள், 2005 இல் சட்டம் கொண்டுவந்து மறுபடியும் ஒரே சபையாக்கினார்கள். பெயர்ப்பலகை மாறிய ஒவ்வொரு தடவையும் முதலில் வெட்டுப்பட்டது, சனம் குறைந்த ஊருக்குப் போகும் கடைசித் தடவைதான்.

எங்கள் பக்கத்தில் இதோடு யுத்தமும் சேர்ந்தது. வாவியின் ஒரு கரை இராணுவக் கட்டுப்பாட்டிலும் மறு கரை புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்த ஆண்டுகளில், பயணம் சோதனைச்சாவடியில் முறிந்தது. இறங்கி, நடந்து, பையைக் கொட்டிக் காட்டி, மறுபடியும் ஏறி. இருட்டினால் அதுவும் இல்லை. 2007 இல் படுவான்கரை முழுதும் அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகுதான் ஒரு பஸ் தடையில்லாமல் கடைசி ஊர் வரைக்கும் போகலாம் என்ற நிலை உண்டானது. ஒரு முழுத் தலைமுறை, பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னம் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்றே பழகியிருந்தது. அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற மாதிரியே பஸ் நேரங்களும் அமைந்தன, அப்படியே தங்கியும் விட்டன. இன்றைக்கும் சில ஊர்களுக்குக் கடைசி பஸ் ஏன் இவ்வளவு வேளைக்குப் போகிறது என்று கேட்டால், “அது எப்பவும் அப்படித்தானே” என்பதுதான் விடை. எப்போதும் அப்படி இருக்கவில்லை. பயத்தில் போட்ட நேரசூசி அது.

இனி, ஒரு கிராமத்துக்குப் புது பஸ் வேண்டும் என்றால் யாரிடம் கேட்பது? இங்கேதான் பலரும் அலைந்து களைக்கிறார்கள். சிவப்பு பஸ் என்றால் இலங்கை போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சாலை. மட்டக்களப்பு, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று சாலைகள் இருக்கின்றன. சாலை முகாமையாளரிடம் இருக்கும் வண்டி, சாரதி, நடத்துநர் எண்ணிக்கையைப் பொறுத்தே எதுவும் நடக்கும். தனியார் பஸ் என்றால், மாகாணத்துக்குள் ஓடும் வழித்தடங்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் தாண்டி, கொழும்புக்கோ கண்டிக்கோ ஓடுவது என்றால் 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. ஒரே வீதியில் முன்னும் பின்னுமாக ஓடும் மூன்று பஸ்களுக்கு மூன்று எசமான்கள். இவற்றின் நேரங்களை ஒன்றாகக் கோத்து இணைந்த நேர அட்டவணை போட வேண்டும் என்று எத்தனையோ கூட்டங்கள் நடந்துவிட்டன. ஆனால் பேச்சு எப்போதும் பிரதான வீதியில் யார் முந்துவது என்பதிலேயே மாட்டிக்கொள்கிறது. உள்ளூருக்குப் போகிற பஸ்ஸுக்காகச் சண்டை பிடிக்க ஆளில்லை.

முன்பு இந்தக் குறையை மாகாண சபை உறுப்பினர் ஒருவரிடமாவது சொல்லலாம். வடக்கிலிருந்து பிரிந்த கிழக்குக்கு 2008 இல் தனி மாகாண சபை தெரிவானது. 2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை. அதிகார சபை இயங்குகிறது, அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. ஆனால் ஊர்க்காரர் போய்க் கதவைத் தட்டக்கூடிய, மறுமுறை வாக்குக் கேட்டு வரவேண்டிய ஒருவர் நடுவில் இல்லாமல் போனார். இப்போது மிஞ்சியிருப்பது பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்கள்தான்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பஸ் ஓடுமா? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. நகரத்திலிருந்து 20 கிலோமீற்றர் தள்ளி ஓர் ஊர். போய் வர 40 கிலோமீற்றர். பெரிய பஸ் ஒன்று ஒரு லீற்றருக்கு மூன்றரை கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட ஓடும் என்றால், ஒரு தடவைக்கு 11 லீற்றர் டீசல். லீற்றர் 300 ரூபா என்றால் 3,300 ரூபா. காலையில் ஊரிலிருந்து வரும்போது 50 பேர், சராசரி 60 ரூபாவாக 3,000 ரூபா. திரும்பிப் போகும்போது எட்டுப் பேர், 480 ரூபா. மொத்தம் 3,480. டீசல் காசு போக 180 ரூபாதான் மிச்சம். அதற்குள் சாரதியின் சம்பளம், நடத்துநரின் சம்பளம், ரயர், லீசிங், காப்புறுதி எல்லாம் அடங்க வேண்டும். அந்த 50 பேரில் பாதிப் பேர் சீசன் ரிக்கெற் வைத்திருக்கும் மாணவர்கள் என்றால் கையில் விழும் காசு இன்னும் குறையும்.

இதில் பார்க்க வேண்டியது அந்த எட்டுப் பேர். உள்ளூர் பஸ்ஸைக் கொல்வது ஊரில் சனம் குறைவு என்பதை விட, சனம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போவதுதான். காலையில் பஸ் படிக்கட்டு வரைக்கும் தொங்கும். அதே பஸ் வெறுமையாகத் திரும்பும். பதினொரு மணிக்கு ஒருவரும் இல்லை. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் மறுபடியும் தொங்கும். நாள் முழுவதற்கும் ஒரு வண்டியை மினைக்கெடுத்தி, இரண்டு தடவைக்கு மட்டும் உழைக்கிற வேலையைத் தன் சொந்தக் காசில் யாரும் செய்யமாட்டார்கள்.

2022 இல் இது எப்படி முறிந்தது என்று எல்லோரும் கண்டோம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் முடிவில் 460 ரூபாவானது. ஜனவரி வரைக்கும் 14 ரூபாவாக இருந்த மிகக் குறைந்த பஸ் கட்டணம் ஜூலை 1 ஆம் திகதி 40 ரூபாவில் வந்து நின்றது. காசு கொடுத்தாலும் டீசல் கிடைக்காத நாட்கள் வேறு. கிடைத்த டீசலைப் பிரதான வீதிக்கு எடுப்பதா உள்ளூருக்கு எடுப்பதா என்ற கேள்வி வந்தபோது விடை என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பஸ் நின்ற கொஞ்ச மாதத்துக்குள் கடன்பட்டாவது ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தேடினார்கள் ஊர்க்காரர். மோட்டார் சைக்கிளுக்குப் போனவர் பிறகு பஸ்ஸுக்குத் திரும்பமாட்டார். அந்த எட்டுப் பேர் நாலு பேராகிறார்கள். மிஞ்சும் நாலு பேரும் வண்டி ஓட்ட முடியாதவர்கள்: வயதானவர்கள், பிள்ளைகள், கைக்குழந்தையோடு பெண்கள். யாருக்கு பஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காதோ அவர்கள் மட்டும் மிஞ்சும்போதுதான் பஸ்ஸுக்குக் கணக்குக் கட்டாமல் போகிறது.

ஆகவே நட்டத்தை யாரோ ஒருவர் ஏற்க வேண்டும். அரசாங்கத்துக்கு இது தெரியாததல்ல. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் இதற்கென்றே ஏற்பாடுகள் இருக்கின்றன. 2005 இல் தொடங்கிய ‘சிசு செரிய’ பாடசாலை மாணவர்களுக்கானது. கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி, குறைந்த மானியத்துக்கு ஓட்ட முன்வருகிற பஸ்ஸுக்கு அரசாங்கம் வித்தியாசத்தைக் கொடுக்கும். பிள்ளைகளிடம் சலுகைக் கட்டணம். ‘கெமி செரிய’ என்பது அதே மாதிரி, வருமானம் காணாத கிராம வழித்தடங்களுக்கானது. ‘நிசி செரிய’ இரவு நேரத்துக்கானது. என் கண்ணுக்கு, உள்ளூர் பஸ்ஸை விரிவாக்குவதற்கு நாட்டில் ஏற்கெனவே இருக்கிற மிகச் சரியான கருவி இந்தக் கெமி செரியதான். பழைய சபையின் நியாயத்தையே அது வேறு வழியில் செய்கிறது. முன்பு ஏ4 வீதி உள்ளூர் வீதியைத் தாங்கியது, இதில் திறைசேரி தாங்குகிறது. குறை என்னவென்றால், சிசு செரிய பஸ்ஸைப் பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள், கெமி செரிய என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களே எங்கள் ஊர்களில் குறைவு. சிங்களப் பெயர், பத்திரிகையில் ஒரு விளம்பரம். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு அது கண்ணில் படுவதே இல்லை. கேட்காத ஊருக்கு எப்படி வரும்?

இப்போது கடைசி பஸ்ஸுக்கு வருகிறேன்.

என் பெரியம்மா வீடு படுவான்கரையில், ஒரு வழித்தடத்தின் முடிவில். சின்ன வயதில் விடுமுறைக்கு அங்கே போனால் எனக்கு மறக்காத விசயம் அந்த ஊரில் தங்கிய பஸ். இரவு ஏழு மணி கழிந்து வரும். கோயிலடி ஆலமரத்தின் கீழ் நிறுத்துவார்கள். சாரதியும் நடத்துநரும் கிணற்றில் குளித்துவிட்டு, முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் சாப்பிடுவார்கள். பெரியம்மா வீட்டு முறை வந்தால் குறட்டை மீன் குழம்பும் தயிரும். பிறகு சீற்றில் பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். விடிய நாலே முக்காலுக்கு இஞ்சினை இரைய விடுவார்கள். அந்தச் சத்தத்தில் ஊரே எழும்பும். அடுப்பு மூட்டுகிறவர்கள் மூட்டுவார்கள், பால் கறக்கிறவர்கள் கறந்து வாளியோடு வருவார்கள். ஐந்தேகாலுக்கு ஹோர்ன் ஒரு தடவை, ஐந்தரைக்கு இரண்டு தடவை. இரண்டாவது ஹோர்னுக்கு ஆலமரத்தடியில் நிற்காதவரைப் பற்றி நடத்துநருக்கே தெரியும்: “அந்தப் புள்ளைக்கு இண்டைக்குச் சோதின எல்லுவா, ஒரு நிமிசம் பொறுங்க.”

இது வெறும் நினைவுக்காக நான் சொன்ன கதை இல்லை. பஸ் ஊரில் தங்குவதில் கணக்கு இருக்கிறது. பஸ் நகரத்துச் சாலையில் தங்கினால், காலையில் ஊருக்கு வெறுமையாக வர வேண்டும், இரவில் ஊரில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்ப வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் 40 கிலோமீற்றர் வெறும் ஓட்டம், 3,300 ரூபா டீசல், ஒவ்வொரு நாளும். பஸ் ஊரிலேயே தங்கினால் அந்தச் செலவு முழுதும் மிச்சம். அதோடு கடைசித் தடவை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குத் தள்ளுகிறது, முதல் தடவை ஏழு மணியிலிருந்து ஐந்தரைக்கு முந்துகிறது. சந்தைக்குப் பால் நேரத்துக்குப் போகும். கடையில் வேலை செய்யும் பெண் முழு நாள் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். கிளினிக்கில் இலக்கம் எடுக்க விடிய வேண்டும் என்றால் முதல் நாளே நகரத்தில் யாராவது வீட்டில் போய்த் தங்க வேண்டியதில்லை. ஒரு வண்டியைக் கூடுதலாக வாங்காமலே நடக்கக்கூடிய விரிவாக்கம் இது.

பஸ் ஊரில் தங்குவது ஏன் குறைந்தது? ஊழியர் தங்க நல்ல இடம் இல்லை, கழிப்பறை இல்லை. ஆலமரத்தடியில் சீற்றில் படுக்கும் வேலையை இன்றைய இளம் நடத்துநரிடம் கேட்பது நியாயமும் இல்லை. யுத்த காலத்தில் ஊரில் வாகனம் விடப் பயந்தார்கள், பிறகு அந்த வழக்கமே அற்றுப்போனது. இப்போது யானை. உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கமெல்லாம் பொழுதுபட்டால் யானை வீதிக்கு இறங்குகிறது. ஆறரைக்குப் பிறகு அந்த வீதியில் சாரதிகள் ஓடத் தயங்குகிறார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் யானைக்குப் பயந்து பஸ்ஸை நிறுத்தினால், சனம் சந்தியில் இறங்கி இருட்டில் நடந்தோ மோட்டார் சைக்கிளிலோ அதே வீதியில்தான் போகிறது. வெளிச்சமும் சத்தமும் உள்ள பெரிய வாகனத்துக்குள் இருப்பவர்களுக்கு உள்ள பாதுகாப்பு, சைக்கிளில் போகிறவருக்கு இல்லை. ஒரு கிராமத்துப் பொதுக் கட்டிடத்தில் பூட்டக்கூடிய ஓர் அறை, கழிப்பறை, பஸ் நிற்க வெளிச்சமான இடம். பிரதேச சபை ஒன்றின் கைக்கு அடங்கிய செலவுதான் இது.

மழைக்காலம் இன்னொரு பெரிய இடைஞ்சல். கிரானில் புலிபாய்ந்தகல் பக்கம் போகும் வீதி மாரிக்கு மாரி வெள்ளத்துக்குள் போகும், சனம் படகில் கடக்கும். அம்பாறை மாவட்டத்தில் கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போக கிட்டங்கித் தாம்போதியை, அதாவது தண்ணீருக்குக் குறுக்கே போட்ட தாழ்ந்த பாதையை, கடக்க வேண்டும். நாவிதன்வெளி, அண்ணாமலை, மத்திய முகாம் பக்கத்துச் சனத்துக்கு அதுதான் கல்முனைக்கான குறுக்கு வழி. தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கினால் பஸ் இக்கரையில் நின்றுவிடும். அப்போது உழவு இயந்திரம் வரும். அது எவ்வளவு ஆபத்து என்பதை 2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் கண்டோம். விடுமுறைக்கு வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகள் ஏறியிருந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் பிரதான வீதி அது, ஒதுக்குப்புறம்கூட இல்லை. அந்த நாளுக்குப் பிறகு, தாம்போதியை உயர்த்துவதையும் பஸ் சேவையையும் இரண்டு வேறு கோரிக்கைகளாக என்னால் பார்க்க முடியவில்லை. ஆண்டில் இரண்டு மாதம் அறுந்துபோகும் வழித்தடத்துக்கு யாரும் பஸ் வாங்கிவிடமாட்டார்கள்.

அம்பாறைப் பக்கத்தில் தெற்கே போனால் நிலைமை இன்னும் மெலிவு. திருக்கோவில் வரைக்கும் பஸ்ஸுக்குக் குறையில்லை. அங்கிருந்து உள்ளே தங்கவேலாயுதபுரம், கஞ்சிகுடிச்சாறு பக்கம் திரும்பினால் பிரதான வீதியின் பஸ் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு பொத்துவிலுக்கு ஓடும். இப்படியான ஊர்களுக்கு 54 சீற் பஸ் தேவையில்லை. இருபது இருபத்தைந்து பேர் இருக்கும் சின்ன வண்டி, சந்தி வரைக்கும் போய் வந்தால் போதும். ஆனால் சந்தியில் அது வந்து சேரும் நேரமும் பெரிய பஸ் கடக்கும் நேரமும் பொருந்த வேண்டும். களுவாஞ்சிகுடியிலும் செங்கலடியிலும் கிரான் சந்தியிலும் திருக்கோவிலிலும் பத்து நிமிட இடைவெளிக்குள் இரண்டும் சந்திக்கிற மாதிரி நேரம் போட்டால், கொழும்பு பஸ்ஸில் விடிய வந்திறங்கும் ஆளுக்கும் ஓட்டோவுக்குக் கொட்டிக் கொடுக்கத் தேவை வராது. நேரசூசியில் செய்ய வேண்டிய வேலை இது, பேனையும் தாளும் போதும். மூன்று எசமான்களும் ஒரு மேசையில் உட்கார வேண்டும், அதுதான் சிரமம்.

முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது திருவிழாக் காலத்தை. தாந்தாமலை முருகனுக்கும் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கும் மண்டூருக்கும் திருவிழா என்றால் விசேட பஸ்கள் ஓடுகின்றன. இரவிலும் ஓடுகின்றன. சாலையும் தனியாரும் பொலிஸும் பிரதேச செயலகமும் முன்கூட்டியே கூடி, எந்த வழியால் போய் எந்த வழியால் திரும்புவது என்று பேசி முடிக்கிறார்கள். யானையும் அதே யானைதான், வீதியும் அதே வீதிதான்.

ஊர்ச் சங்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. “எமது கிராமத்துக்கு பஸ் சேவை வேண்டும்” என்று மட்டும் எழுதிய கடிதம் கோப்புக்குள் போய்விடும். ஒரு கிழமை சந்தியில் ஆள் வைத்து எண்ணுங்கள். காலை ஐந்து மணியிலிருந்து எட்டு வரைக்கும் எத்தனை பேர் எங்கே போனார்கள், எதில் போனார்கள், எவ்வளவு கொடுத்தார்கள். பின்னேரம் நாலிலிருந்து எட்டு வரைக்கும் எத்தனை பேர் எப்படித் திரும்பினார்கள். எத்தனை மாணவர், எத்தனை பேருக்குக் கிளினிக் நாள் என்ன. இரவில் பஸ் தங்கினால் ஊழியருக்கு எந்த அறையைக் கொடுப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று சாலை முகாமையாளருக்கு, ஒன்று மாகாண அதிகார சபைக்கு, ஒன்று கெமி செரிய என்று தலைப்பிட்டுத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு. அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன்னம் அது மேசையில் இருக்க வேண்டும்.

அந்தப் பின்னேரம் கொக்கட்டிச்சோலை பஸ் வந்தது. அம்மா முதல் ஆளாக ஏறி, சாரதிக்குப் பின் சீற்றில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ரியூசன் பிள்ளைகள் இருவரும் ஏறவில்லை. அவர்களுடைய ஊர் அந்த பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் நாலு கிலோமீற்றர் உள்ளே. அப்பா மோட்டார் சைக்கிளில் வருவார் என்றார்கள். ஆறு மணி ஆகியும் நின்றுகொண்டிருந்தார்கள்.